பிசிஓஎஸ் ஏன் இன்னும் மறையவில்லை? பரிணாம விளக்கங்கள் எவ்வளவு தூரம் நிற்கும்?

தாழைமடல் (இழையைத் தொடங்கியவர்)

மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். பரிணாமப் பாடம் முடிந்த அன்று ஒரு மாணவி எழுந்து, "கருத்தரிப்பைத் தாமதப்படுத்தும் மரபணுக்களை இயற்கைத் தேர்வு எப்போதோ களைந்திருக்க வேண்டாமா? பிறகு ஏன் எங்கள் வகுப்பிலேயே மூன்று பேருக்குப் பிசிஓடி இருக்கிறது?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டதால் அன்று தப்பித்தேன். அதன்பின் படித்தவற்றை இங்கே வைக்கிறேன், தவறிருந்தால் திருத்துங்கள்.

பிசிஓஎஸ் என்பது ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜன் மிகுந்து, சினைப்பையில் நுண்ணறைகள் பெருகி, சினைமுட்டை வெளியீடு தடுமாறும் நிலை; பிசிஓடி என்றும் சொல்வார்கள். இது அரிய நோய் அன்று. இனப்பெருக்க வயதுப் பெண்களில் 10 முதல் 13 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இரட்டையர்களைக் கொண்டு நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வு, இதில் மரபின் பங்கு ஏறத்தாழ 70 விழுக்காடு என்று மதிப்பிட்டது. இது புதிய நோயும் அன்று. சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களின் நிலையை விவரித்து 1935-இல் எழுதிய கட்டுரையே இதன் தொடக்கம் என்று பாடநூல்கள் சொன்னாலும், 1721-இலேயே இத்தாலியின் வல்லிஸ்னியேரி, சற்றே பருத்த, மகப்பேறு இல்லாத ஓர் இளம் குடியானவப் பெண்ணின் சினைப்பைகள் புறா முட்டை அளவில் வெண்மையாய், மேடுபள்ளமாய் இருந்ததைக் குறித்து வைத்திருக்கிறார். மாதவிடாய் குறைந்து, ஆண் தோற்றம் கொண்டு, கருத்தரிக்காத பெண்களைப் பற்றிய குறிப்பு ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்களிலும் உண்டு. எனவே "எல்லாம் பரோட்டாவும் பிராய்லர் கோழியும் செய்த வேலை" என்ற வாட்ஸ்அப் விளக்கம் முழு உண்மையாக இருக்க முடியாது.

நான் படித்த விளக்கங்கள் பெரும்பாலும் மரபியலாளர் ஜேம்ஸ் நீல் 1962-இல் முன்வைத்த "சிக்கன மரபணு" கருத்திலிருந்து கிளைத்தவை. உணவு கிடைத்தபோது விரைந்து கொழுப்பாகச் சேமித்த உடல் பஞ்சத்தில் பிழைத்தது, இன்று உணவு ஓயாமல் கிடைப்பதால் அதே திறன் நீரிழிவாக மாறுகிறது என்றார் அவர். பிசிஓஎஸ் உள்ள பலருக்கு இன்சுலின் எதிர்ப்பு (உடல் இன்சுலினுக்குச் சரிவரச் செவிசாய்க்காத நிலை) இருப்பதால், 2009-இல் கார்பெட்டும் உடன் ஆய்வாளர்களும் அந்தக் கருத்தை மகப்பேற்றின் பக்கம் திருப்பினார்கள். பஞ்சக் காலத்தில் மெலிந்த பெண்களுக்குச் சினைமுட்டை வெளியீடு நின்றுவிடும். இன்சுலினும் ஆண்ட்ரோஜனும் சற்று மிகுந்த பெண்களுக்கோ அது தொடர்ந்திருக்கும். அவர்களே அக்காலத்தின் வளமான தாய்மார்கள் என்பது அவர்களுடைய வாதம். இரண்டாம் உலகப் போரில் நெதர்லாந்து பஞ்சத்தில் வாடிய 1944–45 குளிர்காலத்துக்கு ஒன்பது மாதங்கள் கழித்துப் பிறப்புகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன என்பதை நினைத்தால், பஞ்சம் கொல்வதைவிடக் கருத்தரிப்பைத் தடுப்பதன் வழியாகவே அதிகமாகத் தேர்வு செய்திருக்கும் என்பது எனக்கு ஏற்புடையதாகவே தோன்றுகிறது.

இன்னொன்று, மாதந்தோறும் விலக்காவதே பரிணாம நோக்கில் புதிது. மாலி நாட்டின் டோகன் மக்களிடையே, நம் ஊர்களில் சில இடங்களில் இருந்த முட்டுவீட்டைப் போன்று, விலக்கான பெண்கள் தங்கும் தனிக் குடிசைகள் உண்டு. பெவர்லி ஸ்ட்ராஸ்மன் என்ற மானிடவியலாளர் 736 நாள்கள் தொடர்ந்து அங்கே யார் யார் தங்கினார்கள் என்று கணக்கெடுத்தார். கருவுற்றும் பாலூட்டியும் கழியும் அவர்களுடைய வாழ்நாளில் விலக்கு சுமார் 100 முறைதான் வருகிறது. நகரத்துப் பெண்ணுக்கு 400-ஐ ஒட்டி வரும். ஆகவே விலக்கு அரிதாக வருவதே நம் மூதாதையரின் இயல்புக்கு நெருக்கமானது என்று கொள்ளலாமா?

கணக்கர்

ஆசிரியர் அம்மாவுக்கு வணக்கம். முதல் கேள்வியே சற்று மாறியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. "இதனால் என்ன பயன்?" என்று தொடங்கினால், ஏதாவது ஒரு பயனைக் கண்டுபிடிக்காமல் நாம் எழுந்திருக்க மாட்டோம்.

சிக்கன மரபணுக் கருத்துக்கு உயிரியலாளர் ஜான் ஸ்பீக்மன் எழுப்பிய மறுப்பு எளிமையானது. பஞ்சத்தில் மடிந்தவர்களில் பெரும்பாலோர் முதியோரும் பச்சிளங் குழந்தைகளுமே, அவர்களும் பட்டினியைவிடத் தொற்றுநோயால் மடிந்தவர்களே. கொழுப்பைச் சேமிக்கும் மரபணு அவ்வளவு பெரிய ஆதாயம் தந்திருந்தால், இத்தனை ஆயிரம் தலைமுறைகளில் அது எல்லோரிடமும் பரவி, இன்று ஒல்லியானவர் ஒருவரும் இருந்திருக்கக் கூடாது. உங்கள் மகப்பேற்று வாதத்துக்கும் இதே கேள்வி உண்டு: அத்தனை நல்லதென்றால் ஏன் பத்தில் ஒருவரிடம் மட்டும் இருக்கிறது?

விடை ஆதாயத்தில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. பிசிஓஎஸ்-க்கு ஒரு மரபணு கிடையாது. 2018-இல் வெளியான பெரிய மரபணுத் தொகுப்பு ஆய்வு, சுமார் 10,000 நோயாளிகளையும் 1 இலட்சம் பிறரையும் ஒப்பிட்டு, 14 இடங்களைக் குறித்தது. ஒவ்வொன்றும் ஆபத்தை ஒரு சிறிதே கூட்டுகிறது. அத்தகைய மாற்றங்களில் சில எல்லோரிடமும் இருக்கும். பல ஒன்றாகச் சேர்ந்து அமைந்தவருக்கு நோய் வெளிப்படும். மிக உயரமானவர்கள் ஏன் இருக்கிறார்கள் என்பதற்கு "உயரத்தின் பயன்" என்று தனி விளக்கம் தேவைப்படுவதில்லை அல்லவா? ஒரு பரவலின் விளிம்பில் யாராவது இருக்கத்தான் செய்வார்கள்.

மேலும் இந்த மாற்றங்கள் தம் காலத்தில் பாதியை ஆண்களின் உடலில் கழிக்கின்றன. அங்கே அவை இளவயது வழுக்கையையும் நீரிழிவுச் சாய்வையும் தருவதாக மரபணுத் தரவுகள் காட்டுகின்றன. சினைப்பை இல்லாத உடலில் சினைப்பையின் குறை தேர்வுக்கு அகப்படாது.

வெண்சங்கு

மகப்பேறு மருத்துவர் என்ற முறையில் ஒரு குறுக்கீடு. நீங்கள் இருவரும் பிசிஓஎஸ் என்பதை மலேரியாவைப் போல ஒரே பொருளாக வைத்துப் பேசுகிறீர்கள். அது ரோட்டர்டாம் நகரில் 2003-இல் கூடிய குழு ஒன்று வகுத்த எல்லை. சினைமுட்டை வெளியீடு ஒழுங்கற்றிருத்தல், ஆண்ட்ரோஜன் மிகுதல், ஸ்கேனில் சினைப்பை நிறைய நுண்ணறைகளுடன் தெரிதல் ஆகிய மூன்றில் ஏதேனும் இரண்டு இருந்தால் போதும். ஆகவே முகத்தில் முடி வளரும் பருத்த பெண்ணும், ஆண்ட்ரோஜன் அளவு சரியாக இருந்து விலக்கு மட்டும் தள்ளிப்போகும் ஒல்லியான பெண்ணும் ஒரே பெயரைச் சுமக்கிறார்கள். "நீர்க்கட்டி" என்பதே தவறான சொல். ஸ்கேனில் தெரிபவை கட்டிகள் அல்ல, பாதியில் வளர்ச்சி நின்ற நுண்ணறைகள். பெயரை மாற்ற வேண்டும் என்று அமெரிக்காவில் 2012-இல் கூடிய வல்லுநர் குழுவே பரிந்துரைத்தது. குழு வகுத்த எல்லைக்குப் பரிணாமக் காரணம் தேடுவதைவிட, அதற்குள் இருக்கும் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது நல்லது.

இன்சுலினை எடுத்துக்கொள்வோம். தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுக்கும்போது கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. ஆனால் அதே பெண்ணின் சினைப்பை இன்சுலினுக்கு நன்றாகவே செவிசாய்க்கிறது. சினைப்பையைத் தூண்டும் எல்எச் ஹார்மோனுடன் சேர்ந்து அது ஆண்ட்ரோஜனைக் கூட்டுகிறது. பாலின ஹார்மோன்களை இரத்தத்தில் பிடித்து வைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாக உண்டாக்குவதால், கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் மேலும் உயர்கிறது. உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே சிலருக்குச் சினைமுட்டை வெளியீடு திரும்புகிறது என்பதை நாள்தோறும் பார்க்கிறேன். மூதாதையரின் உழைப்பிலும் உணவிலும் இந்தச் சங்கிலி தொடங்காமலே இருந்திருக்கக்கூடும். அங்கே நோய் இல்லை, சாய்வு மட்டும்தான் இருந்தது. சூழலுக்கும் உடலுக்கும் இடையிலான இந்தப் பொருந்தாமையைத்தான் 2019-இல் சாரிஃப்சன், டிரம்பிள் ஆகியோர் விரிவாக எழுதினார்கள். ஒல்லியான நோயாளிகளை இது முழுமையாக விளக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மகப்பேறின்மை என்ற சொல்லையும் நாம் மிகைப்படுத்துகிறோம். இவர்களில் பலருக்கு முப்பதுகளின் பிற்பகுதியில் சுழற்சி தானாகவே சீராகிறது. நுண்ணறைகளின் இருப்பு மற்றவர்களைவிட அதிகம். ஸ்வீடனின் தேசியப் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, சற்றுக் காலம் தாழ்ந்தாலும், இறுதியில் குழந்தை பெற்றவர்களின் விகிதம் ஏறத்தாழ மற்றவர்களுடையதே. இன்றைய சிகிச்சையின் பங்கு அதில் உண்டுதான். ஆனாலும் பதினேழு வயதில் மணமாகி நாற்பது வரை பெற்றுக்கொண்டிருந்த சமூகத்தில், முதல் குழந்தை இரண்டு ஆண்டு பிந்துவதால் தேர்வின் கத்தி எவ்வளவு ஆழமாக வெட்டியிருக்கும்?

பாலைப்பொறை

நூற்றுக்கணக்கான நூற்றாண்டுகள் பின்னோக்கிப் போகிறீர்கள். நம் பாட்டிமாரின் கதையை விட்டுவிட்டீர்கள். சென்னை மாகாணத்தையும் மைசூரையும் தக்காணத்தையும் தாக்கிய 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியைப் பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவுமாகக் குறைத்தார். அதில் தப்பியவர்களின் வாரிசுகள் நாம். தெற்காசியருக்கு நீரிழிவும் பிசிஓஎஸ்ஸும் கூடுதல் என்றால் காரணம் இங்கேயே இருக்கிறதே?

கணக்கர்

அந்தப் பஞ்சத்தின் கொடுமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. அன்று முதல் இன்று வரை ஐந்தாறு தலைமுறைகள்தான். பல இடங்களில் சிதறிக் கிடக்கும் சிறு சிறு மாற்றங்களின் விகிதத்தை ஒரு பஞ்சம் அத்தனை குறுகிய காலத்தில் மாற்றிவிடாது. பஞ்சம் எங்கே நிகழவில்லை, சொல்லுங்கள்? அயர்லாந்தும் சீனாவும் பஞ்சம் கண்டவைதாமே. தவிர, ஒரே அளவுகோலால் அளந்தால் பிசிஓஎஸ் விகிதம் நாடுகளுக்கிடையே பெரிதும் வேறுபடுவதில்லை. மனிதர்கள் ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்படும் முன்பே இந்த மாற்றங்கள் இருந்தன என்று அசீசும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல் வாதிட்டதற்கு அடிப்படை அதுதான்.

வெண்சங்கு

பாலைப்பொறை ஐயா சொன்னதை முழுவதும் தள்ளிவிட வேண்டாம். மரபணு மாறாமலேயே பட்டினி தலைமுறை கடந்து செல்ல ஒரு வழி உண்டு, அது கருப்பை. புனேயில் யாஜ்னிக் குழுவினர் கிராமத்துக் குழந்தைகளைப் பிறந்தவுடன் அளந்தார்கள். சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. தசையும் வயிற்று உறுப்புகளும் சிறுத்திருந்தன, ஆனால் முதுகின் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. அரைவயிற்றுத் தாய் குட்டையாகிறாள், அவளுடைய கருப்பையில் குழந்தை சிறுக்கிறது, அந்தக் குழந்தை பெண்ணானால் அவளும் குட்டைத் தாயாகிறாள். எடை குறைவாகப் பிறந்து முன்கூட்டியே பூப்பின் அறிகுறிகள் தெரிந்த சிறுமிகளில் பிசிஓஎஸ் கூடுதலாகத் தோன்றுவதை ஸ்பெயினில் இபான்யெஸ் தொடர்ந்து பதிவு செய்திருக்கிறார். இதைத் தேர்வு என்று சொல்ல முடியாது, வளர்ச்சியின் தடம் என்று சொல்லலாம்.

தாழைமடல்

கருப்பையைப் பற்றி பேச்சு வந்ததால் சேர்க்கிறேன். விஸ்கான்சினில் டேவிட் அபட்டும் உடன் ஆய்வாளர்களும் கருவுற்ற ரீசஸ் குரங்குகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்தபின் ஒழுங்கற்ற சுழற்சியும் இன்சுலின் குறைபாடும் கொண்டிருந்தன. மிச்சிகனில் வசந்தா பத்மநாபன் செம்மறியாடுகளில் அதையே கண்டார். பிரான்சின் லில் நகரில் ஜகோபினி குழுவினர் 2018-இல், கருவுற்ற எலிகளுக்குச் சினைப்பை நுண்ணறைகள் சுரக்கும் ஏஎம்எச் ஹார்மோனை மிகுதியாகக் கொடுத்தால் மகள்களுக்கு அதே நிலை வருவதைக் காட்டினார்கள். 2021-இல் அது மூன்றாம் தலைமுறை வரை செல்வதையும் காட்டினார்கள். என்னை அதிகம் வியக்க வைத்தது வேறொன்று. எந்த ஊசியும் போடாத ரீசஸ் குரங்குகளிலேயே சில பெண்களுக்கு ஆண்ட்ரோஜன் இயல்பாக மிகுந்து, இதே குறிகள் சேர்ந்து காணப்படுகின்றன. அவற்றின் கிளையும் நம் கிளையும் பிரிந்து ஏறத்தாழ இரண்டரைக் கோடி ஆண்டுகள் ஆகின்றன. பஞ்சம், வேளாண்மை என்று நாம் தேடும் காரணங்கள் எல்லாம் அதன் முன் நேற்றைய செய்தி.

கணக்கரிடம் ஒரு கேள்வி. பரவலின் விளிம்பு என்கிறீர்கள், சரி. அந்தப் பரவல் ஏன் இத்தனை அகலமாக இருக்கிறது? நடுவிலேயே குவிந்திருக்கலாமே?

கணக்கர்

நல்ல கேள்வி, இங்கேதான் எனக்கும் ஆர்வம். சினைப்பை நுண்ணறைகளை வளரத் தூண்டும் எஃப்எஸ்எச் ஹார்மோனின் மரபணுவுக்கு அருகில் ஒரு மாற்றம் இருக்கிறது. ஒரு வடிவம் எஃப்எஸ்எச் அளவைக் கூட்டுகிறது: இரட்டைக் குழந்தைகள் பிறக்கும் வாய்ப்பு உயர்கிறது, பிசிஓஎஸ் ஆபத்து குறைகிறது, ஆனால் மாதவிடாய் நிற்பதும் முந்திவிடுகிறது. மற்ற வடிவம் எஃப்எஸ்எச் அளவைக் குறைக்கிறது: சுழற்சி நீள்கிறது, பிசிஓஎஸ் ஆபத்து கூடுகிறது, மாதவிடாய் பிந்தி நிற்கிறது, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) ஆபத்து குறைகிறது. அதாவது சினைப்பையின் இருப்பைச் சீக்கிரம் செலவிடுவதா, நீட்டிச் செலவிடுவதா என்ற திருகு அது. இரட்டைக் குழந்தை என்றால் இன்று இனிப்பு வழங்குகிறோம். மருத்துவமனை இல்லாத காலத்தில் தாயையும் சேய்களையும் சேர்த்துப் பறித்த நிகழ்வு அது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு விலை இருப்பதால், தேர்வு இரண்டையும் விட்டுவைத்திருக்கிறது என்று நினைக்க இடமிருக்கிறது. டின்ஸ்டேல், கிரெஸ்பி ஆகியோர் 2021-இல் எழுதியது இதன் விரிவு. கருவில் டெஸ்டோஸ்டிரோன் மிகுந்தால் ஒரு முனையில் பிசிஓஎஸ், குறைந்தால் மறுமுனையில் எண்டோமெட்ரியோசிஸ் என்று இரண்டையும் ஒரே அச்சில் வைத்தார்கள்.

தாடா என்ற மரபணுவை யாராவது கொண்டு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். சீனப் பெண்களிடம் 2011-இல் பிசிஓஎஸ் தொடர்பாக அது கண்டறியப்பட்டது. நியாண்டர்தால் மரபுத்தொகுதியை 2010-இல் வெளியிட்டவர்கள், நவீன மனிதரில் தேர்வு நடந்திருக்கலாம் என்று காட்டிய இடங்களில் முன்னணியில் இருந்ததும் அதே பகுதி. அதை நீக்கிய பழ ஈக்கள் கொழுத்துக் குளிர் தாங்காமல் போயின. கதை எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் ஒரே மரபணுவின் அருகே இரண்டு தடயங்கள் கிடப்பதால் இரண்டும் ஒருவர் காலடி என்று ஆகிவிடாது.

நெய்தல்வாசி

பல மாதங்களாகப் படிப்பவளாக மட்டும் இருந்தேன். இந்த இழைக்காக எழுதுகிறேன். பத்தொன்பது வயதில் எனக்குப் பிசிஓஎஸ் என்று சொன்னார்கள், இப்போது முப்பத்திரண்டு. நான் போன ஒரு மருத்துவமனையில் மூன்று நிமிடத்தில் "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பினார்கள். இணையத்திலோ இதற்கு நேர்மாறாக, "நீ பஞ்சத்தை வென்ற வீரப் பெண்களின் வாரிசு, உனக்கு இருப்பது நோயே இல்லை, வரம்" என்கிறார்கள். என் தாடையில் முளைக்கும் முடியை வாரந்தோறும் பிடுங்கும்போது அந்த வரம் நினைவுக்கு வருவதில்லை. விலக்கு ஆறு மாதம் வராவிட்டாலும் மூதாதையரின் இயல்புதான் என்று நம்பி, மாத்திரையை நிறுத்திவிட்ட தோழி ஒருத்தி எனக்கு உண்டு. தொடக்கப் பதிவின் கடைசிப் பத்தியும் கிட்டத்தட்ட அதைத்தானே சொல்கிறது? மருத்துவர் அம்மா, அது சரியா?

வெண்சங்கு

சரியில்லை அம்மா. இதை நான் முதலிலேயே கவனித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

டோகன் பெண்ணுக்கு விலக்கு வராத மாதங்கள் இரண்டு வகை. கருவுற்றிருக்கும்போது புரோஜெஸ்டிரோன் மிக உயர்ந்திருக்கும். பாலூட்டும்போது சினைப்பை உறங்குவதால் ஈஸ்ட்ரோஜனே குறைந்திருக்கும். இரண்டிலும் கருப்பையின் உட்படலம் கட்டுக்குள் இருக்கும். பிசிஓஎஸ்ஸில் நடப்பது வேறு. சினைமுட்டை வெளிப்படாததால் புரோஜெஸ்டிரோன் இல்லை, ஆனால் ஈஸ்ட்ரோஜன் சுரந்துகொண்டே இருக்கிறது. தடுப்பார் இல்லாமல் உட்படலம் தடித்துக்கொண்டே போகிறது. கருப்பை உட்படலப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இவர்களுக்குச் சில மடங்கு கூடுவது இதனால்தான். எண்ணிக்கையில் இரண்டு பெண்களும் ஆண்டுக்கு இரண்டு முறை விலக்காகலாம். உள்ளே இருக்கும் ஹார்மோன் நிலையோ நேர் எதிர். மூன்று மாதத்துக்கும் மேல் விலக்கு வராவிட்டால் புரோஜெஸ்டிரோன் கொடுத்து உட்படலத்தை உதிரச் செய்வதோ, கருத்தடை மாத்திரை கொடுப்பதோ அதற்காகவே. உங்கள் தோழி எவ்வளவு காலமாக நிறுத்தியிருக்கிறார் என்று தெரியவில்லை; மருத்துவரைப் பார்த்து ஒரு ஸ்கேனாவது எடுக்கச் சொல்லுங்கள். முடி வளர்ச்சிக்கும் சிகிச்சை உண்டு, பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும்.

நெய்தல்வாசி

நன்றி அம்மா. இந்தப் பதிவை அப்படியே அவளுக்கு அனுப்பிவிட்டேன். எட்டு மாதம் ஆகிறதாம். சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன்.

தாழைமடல்

தொடக்கப் பதிவின் கடைசி வரியை அடித்துவிட்டு, அதன் கீழே மருத்துவர் அம்மாவின் விளக்கத்தைச் சேர்த்திருக்கிறேன். அடித்த வரி தெரியும்படியே விட்டிருக்கிறேன், முன்பே படித்தவர்கள் குழம்பக் கூடாது. எண்ணிக்கை ஒத்திருப்பதைப் பார்த்து இயக்கமும் ஒத்திருக்கும் என்று எண்ணியது என் பிழை.

மாணவியிடம் நாளை நான் சொல்லப்போவது இதுதான். தேர்வு ஒவ்வொரு மரபணுவையும் தனியே நிறுத்தி நல்லதா கெட்டதா என்று கேட்பதில்லை. சினைமுட்டைகளை எவ்வளவு வேகத்தில் செலவிடுவது என்பதில் எந்த விடைக்கும் ஒரு விலை இருந்ததால் இரண்டு விடைகளும் தங்கிவிட்டன. அந்த விலையும் பழைய உணவில், பழைய உழைப்பில் இன்றைய அளவுக்கு இருந்திருக்காது. பஞ்சக் கதையை அவளே கேட்டால் புனேக் குழந்தைகளின் எடையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம் என்றிருக்கிறேன். அந்த மூன்று பெண்களையும் பாடம் முடிந்தபின் தனியே அழைத்து, கடைசியாக எப்போது விலக்கானீர்கள் என்று கேட்க வேண்டும்.